ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்: பல சீசன் தொடர்ந்து பார்த்தால் என்ன பிடிபடும்

முதல் வாரம் யார் நன்றாக ஆடினார் என்று பார்த்து ஒரு பிரபலத்தைப் பிடித்துக்கொள்பவர்கள் நவம்பருக்குள் ஏமாந்துவிடுவார்கள். பிரிட்டனின் பிபிசி ஒன்னில் 2004-இலிருந்து ஓடும் இந்த நடனப் போட்டியில் ஒரு பிரபலமும் ஒரு தொழில்முறை நடனக் கலைஞரும் ஜோடியாக ஆடுவார்கள். பிரபலம் ஆண்டுக்கு ஆண்டு மாறுவார். கூட ஆடும் புரொஃபஷனல் திரும்பத் திரும்ப வருவார். தொடர்ந்து பார்ப்பவருக்கு நூல் அவரிடம்தான் இருக்கிறது. ஸ்டெப் அமைப்பதும், துணையின் பலவீனத்தை எங்கே மறைப்பது என்று முடிவு செய்வதும் அவர்தான்.

புரொஃபஷனல் கெவின் கிளிஃப்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 2013-இலிருந்து 2016 வரை நான்கு ஆண்டுகள் வரிசையாக, நான்கு வெவ்வேறு துணைகளோடு இறுதிப்போட்டிக்குப் போனார், நான்கிலும் தோற்றார். 2018-இல்தான் ஸ்டேசி டூலியோடு கோப்பை கிடைத்தது. ஜியோவானி பெர்னீசே மூன்று இறுதிப்போட்டிகளில் தோற்றபின் 2021-இல் ஜெயித்தார். டயான் பஸ்வெல் 2018-லும் 2023-லும் இறுதிவரை வந்து 2024-இல்தான் கோப்பையைத் தொட்டார். ஒரே பெயர் இத்தனை முறை கடைசிவரை வருவதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. இன்னொரு உதாரணம் 2019. போட்டியாளர் ஜேமி லெயிங் காலில் அடிபட்டு விலக, கடைசி நேரத்தில் உள்ளே வந்த கெல்வின் ஃப்ளெட்சர், புரொஃபஷனல் ஓட்டி மபூசேயோடு ஆடிக் கோப்பையையே வாங்கிவிட்டார். ஓட்டி அடுத்த ஆண்டு நகைச்சுவை நடிகர் பில் பெய்லியோடும் வென்றார். ஆகவே ஜோடிகளை அறிவிக்கும் நிகழ்ச்சியில் பிரபலம் யார் என்பதைவிட, யார் யாரோடு சேர்ந்தார் என்பதைக் குறித்து வைத்துக்கொள்வது பயன். அந்த நிகழ்ச்சியில் மற்றதெல்லாம் பளபளப்புதான், ஓட்டிவிட்டுப் பார்க்கலாம்.

அடுத்து மதிப்பெண். பலர் குழம்புவது இங்கேதான். நான்கு நடுவர்கள், ஆளுக்குப் பத்து, மொத்தம் 40. ஆனால் அந்த 40 அப்படியே கணக்கில் சேராது, இடவரிசையாக மாற்றப்படும். பத்து ஜோடி மிச்சமிருந்தால் நடுவர் பட்டியலில் முதலிடத்துக்கு 10 புள்ளி, அடுத்ததற்கு 9, கடைசிக்கு 1. மக்கள் ஓட்டுக்கும் அதே முறை. இரண்டையும் கூட்டிக் கடைசி இரண்டு இடத்தில் நிற்பவர்கள் மறுபடி ஆட வேண்டும். அதுதான் டான்ஸ்-ஆஃப், அதில் தோற்பவர் வெளியே. கூட்டுத்தொகை சமமானால் மக்கள் ஓட்டு அதிகம் உள்ளவருக்கே மேலிடம்.

இதன் விளைவைப் பாருங்கள். கடைசி ஜோடி 22, அதற்கு முந்தைய ஜோடி 31 என்றால் ஒன்பது மதிப்பெண் வித்தியாசம். வரிசையில் அது வெறும் ஒரு புள்ளி. அந்த 22 வாங்கியவர் மக்கள் ஓட்டில் முதலிடம் பிடித்தால் 1+10, ஆக 11. பத்து ஜோடியின் சராசரியே 11தான், ஆள் ஹாயாகத் தப்பிவிடுவார். நடுவர் பட்டியலில் நடுவில் 5 புள்ளியோடு நின்று, மக்களிடமும் 4 புள்ளி வாங்கியவர் 9-இல் மாட்டிக்கொள்வார். மோசமாக ஆடுபவரைப் பார்த்து மக்கள் பரிதாபப்பட்டு ஓட்டுப் போடுவார்கள், பிரமாதமாக ஆடுபவருக்கு நடுவர் இருக்கிறார். ‘பரவாயில்லை’ என்று ஆடுபவருக்கு யாரும் இல்லை. ஐந்தாறு வாரம் போனபின் அதிர்ச்சி எலிமினேஷன் என்று பேசப்படுவதில் பெரும்பகுதி இந்த நடுப்பகுதி ஆட்கள்தான்.

இந்தப் புள்ளிமுறை ஒருமுறை தன் காலையே வாரிக்கொண்டது. 2008 அரையிறுதியில் மூன்று ஜோடி. ரேச்சல் ஸ்டீவன்ஸும் லிசா ஸ்னோடனும் நடுவர் மதிப்பெண்ணில் சமமாக முதலிடம், இருவருக்கும் 3 புள்ளி. டாம் சேம்பர்ஸுக்கு 1. மக்கள் அவருக்கே முதலிடம் கொடுத்தாலும் 1+3, நான்கு. மற்ற இருவரும் குறைந்தபட்சம் 5, 4 என்று வந்துவிடுவார்கள். அதாவது ஓட்டு எப்படி விழுந்தாலும் டாம் டான்ஸ்-ஆஃபுக்குப் போயே ஆக வேண்டும், அவருக்குப் போட்ட ஓட்டுக்கு அர்த்தமே இல்லை. வேறு வழியின்றி மூவரையும் இறுதிக்கு அனுப்பினார்கள். கோப்பையை வாங்கியது அந்த டாம்தான். அதே சீசனில்தான் செய்தியாளர் ஜான் சார்ஜென்ட், நடுவர்கள் திட்டத் திட்ட மக்கள் காப்பாற்றிக்கொண்டே இருந்ததால், ஜெயித்துவிடுவோமோ என்று பயந்து தானே விலகினார்.

பிபிசி ஓட்டு எண்ணிக்கையை வெளியிடுவதில்லை. ஆனால் ஒரு தாளில் நடுவர் வரிசையை எழுதி, டான்ஸ்-ஆஃபுக்கு வந்த இரண்டு பேரைப் பக்கத்தில் குறித்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். நடுவரிடம் 9 புள்ளி வாங்கியவர் அங்கே நிற்கிறார் என்றால் மக்கள் அவரை அடிமட்டத்தில் வைத்திருக்கிறார்கள். அடுத்த வாரமும் அவர் தப்புவது கஷ்டம். இறுதிப்போட்டியில் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. நடுவர் எண் வெறும் வழிகாட்டல், தீர்ப்பு முழுக்க மக்கள் ஓட்டு.

ஆட்டத்தில் எதைப் பார்ப்பது? கேமரா முகத்தைக் காட்டும், நீங்கள் காலைத் தேடுங்கள். வால்ட்ஸ், ஃபாக்ஸ்டிராட், டாங்கோ என்ற பால்ரூம் ஆட்டங்களில் முன்னால் வைக்கும் காலடி குதிகாலில் தொடங்க வேண்டும். ரும்பா, சா சா சா என்ற லத்தீன் ஆட்டங்களில் பாதத்தின் முன்பகுதி முதலில். வால்ட்ஸில் உடல் எழுந்து இறங்கும், டாங்கோவில் அது கூடவே கூடாது. பிடித்து ஆடும்போது இருவர் வயிற்றுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் நடுவர் அதைச் சொல்லாமல் விடமாட்டார். லிஃப்ட், அதாவது துணையைத் தூக்குவது, அமெரிக்கன் ஸ்மூத் போன்ற சில ஆட்டங்களில்தான் செல்லும். மற்றவற்றில் தூக்கப்படுபவரின் இரண்டு காலும் தரையை விட்டால் மதிப்பெண் போகும். ஆண் பிரபலங்களுக்கு ரும்பா பொறி மாதிரி. வேகம் இல்லாததால் ஒளிந்துகொள்ள இடமில்லை, இடுப்பு வராவிட்டால் அப்படியே தெரியும். பால்ரூமில் அவரைப் பெண் புரொஃபஷனல் பின்னோக்கி நடந்தபடியே ஓட்டிவிடலாம். பார்ப்பவருக்கு அவர் நடத்துவது போலத்தான் இருக்கும்.

கிரெய்க் ரெவல் ஹார்வுட் முதல் சீசனிலிருந்து உட்கார்ந்திருக்கும் நடுவர், மதிப்பெண்ணில் கஞ்சன். அவருடைய எண்ணை மட்டும் வாரம் வாரம் தனியாகக் குறித்து வாருங்கள், ஒரு ஜோடி உண்மையில் முன்னேறுகிறதா என்று தெரியும். மற்ற மூவரின் எண்கள் சீசன் போகப்போக வீங்கும். 2018-இல் வந்த, ஜோடி தனக்குப் பிடித்த பாணியில் ஆடும் கப்பிள்ஸ் சாய்ஸ் சுற்றில் இந்த வீக்கம் அதிகம். கால்நுட்பத்துக்குக் கட்டான விதி இல்லாததால் உணர்ச்சிக்கே மதிப்பெண் விழுகிறது. 2024-இல் டாக்டர் புனம் கிருஷனும் கோர்க்கா மார்க்கெஸும் நிகழ்ச்சியின் முதல் பாலிவுட் ஆட்டத்தை ஆடியதும் இந்தச் சுற்றின் தயவில்தான். அதனால் முழுக்கக் குறைசொல்லவும் மனம் வரவில்லை.

அதே கப்பிள்ஸ் சாய்ஸில்தான் 2021-இன் அந்த நிமிடமும். காது கேளாத நடிகை ரோஸ் ஐலிங்-எல்லிஸ் ஆடிக்கொண்டிருக்க, இசை நின்றுவிடுகிறது. அவரும் ஜியோவானியும் நிற்கவில்லை. மறுபடி பார்க்கும்போது கண்ணீரை ஒதுக்கிவைத்துவிட்டு, இசை திரும்பும் இடத்தைக் கவனியுங்கள். தாளம் காதில் இல்லாத அந்த விநாடிகளில் இருவரும் உள்ளுக்குள் ஒரே எண்ணிக்கையில் இருந்திருக்கிறார்கள், சரியான அடியில் வந்து விழுகிறார்கள். பார்வையற்ற நகைச்சுவையாளர் கிறிஸ் மெக்காஸ்லண்ட் 2024-இல் டயானோடு வென்றபோது கவனிக்க வேண்டியது வேறு. கண்ணாடியில் பார்த்துக் காப்பியடிக்க வழியில்லாதவருக்கு ஒவ்வொரு அசைவும் சொல்லாலும் தொடுதலாலும் கற்பிக்கப்பட்டது. பிடித்து ஆடும்போது தகவல் கை வழியே போய்விடும். கையை விட்டுப் பிரியும் இடங்களில்தான் சிக்கல். டயான் அந்தப் பிரிவுகளை எங்கே வைக்கிறார், கை எப்படித் திரும்ப வந்து சேர்கிறது என்று பாருங்கள்.

ஸ்டுடியோவை விட்டு பிளாக்பூல் நகரின் டவர் பால்ரூம் அரங்கில் ஆடும் பிளாக்பூல் வாரத்தை மட்டும் தவறவிடாதீர்கள். டவர் பால்ரூம் தரை மஹோகனி, ஓக், வால்நட் கட்டைகள் 30,602 கொண்டது, ஸ்டுடியோ தரையைவிடப் பெரிது. அதே ஸ்டெப்பை இங்கே நீட்டிப்போட வேண்டும். வாரம் முழுக்கச் சின்ன அறையில் பழகியவர்களுக்குப் பாதியிலேயே மூச்சு வாங்கும்.

பார்க்கும் வசதி பற்றி. பிபிசியின் இணையத் தளமான ஐபிளேயர் பிரிட்டனுக்குள் மட்டும்தான், டிவி லைசென்சும் வேண்டும். இந்தியாவிலிருந்து பார்ப்பவருக்கு அதிகாரபூர்வ யூடியூப் சேனலில் வரும் தனித்தனி ஆட்டங்கள்தான் கதி. லண்டனில் சனி மாலை 7 மணி என்றால் நமக்கு இரவு 11.30. அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைத் திருப்பியபின் 12.30. ஓட்டு பிபிசி கணக்கு வழியாக, ஆளுக்கு மூன்று. ஆட்டங்கள் முடிந்தபின் கொஞ்ச நேரமே திறந்திருக்கும்.

ஞாயிறு வரும் ரிசல்ட் ஷோ நேரலை இல்லை. சனி இரவே அரங்கத்தில் படம்பிடித்துவிடுவார்கள், பார்வையாளர் வீடு போய்ச் சேர்வதற்குள் யார் வெளியே என்று இணையத்தில் கசிந்துவிடும். ஞாயிறு வரை தாங்க நினைப்பவர்கள் நிகழ்ச்சிப் பெயரையும் டான்ஸ்-ஆஃப் என்ற சொல்லையும் சனி இரவு படுப்பதற்குமுன் சமூக ஊடகத்தின் மியூட் பட்டியலில் போட்டுவிடுங்கள். போட்டியாளர்களின் முதல் பெயர்களையும் சேர்த்து.