4 வருடம் மிதித்த ஓவர்டிரைவும் அதில் இல்லாத ஒரு ரெசிஸ்டரும்

போன ஞாயிறு ஆராதனைக்கு நடுவில், கிட்டார் சத்தத்தை உடைத்துக் கரகரப்பாக்கும் என் ஓவர்டிரைவ் பெடலின் சுவிட்ச் மாட்டிக்கொண்டது. மிதித்தால் இறங்கியது, எழுந்து வரவில்லை. மீதி 2 பாட்டையும் டிரைவ் இல்லாமலே வாசித்து முடித்தேன். மறுநாள் இரவு பின்தகட்டின் 4 திருகுகளையும் கழற்றிப் பார்த்தபோது, இத்தனை வருடமாக என்னை வதைத்த வேறொரு விஷயத்துக்கும் உள்ளே விடை இருந்தது. அதோடு, எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன், "அண்ணா, போர்டுல ஒரே ஒரு ஓவர்டிரைவ்தான் வைக்கணும்னா எது வாங்குறது?" என்று 2 வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவனுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

என்னுடையது ஐபனேஸ் கம்பெனியின் புகழ்பெற்ற ஓவர்டிரைவான டியூப் ஸ்க்ரீமரின் சர்க்யூட்டை வைத்து ஒரு சிறு தயாரிப்பாளர் கையால் செய்த பெடல். பெயர் வேண்டாம். டியூனர், இது, ஒரு டிலே. என் போர்டில் இவ்வளவுதான்.

சத்தத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். வாங்கிய முதல் வாரம் வீட்டில் தனியாக வாசித்துவிட்டு ஏமாந்தது உண்மை. அடிச்சத்தம் மெலிந்து, மூக்கால் பாடுவதுபோல் இருந்தது. குழுவோடு வாசித்த அன்றுதான் விஷயம் புரிந்தது. 1979-ல் வந்த டிஎஸ்808 என்ற டியூப் ஸ்க்ரீமர் முதல் இந்த வகை சர்க்யூட்டில், சிக்னலைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் சிப்புக்குப் பக்கத்தில் ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் ஜோடியாக இருக்கும். சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக, சிக்னல் பெருகுவதை இந்த ஜோடி குறைத்துவிடும். அதனால் தடித்த கம்பிகளின் சத்தம் கொழகொழவென்று உடையாது, நடுப்பகுதி முன்னால் வந்து நிற்கும். பேஸ் கிட்டாரும் கீபோர்டின் இடது கையும் நிரப்புகிற இடத்தை இந்தப் பெடல் விட்டுக்கொடுத்துவிடுகிறது. வீட்டில் மூக்கடைத்த மாதிரி இருந்த அதே சத்தம் கூட்டத்தில் தெளிவாகக் கேட்டது. லெவலை ஒரு பொட்டுகூட ஏற்றவில்லை.

நாப்பைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொண்டால், டிரைவை 9 மணிக்கு வைத்து, லெவலை 2 மணிக்கு ஏற்றிவிடுவேன். கிட்டாரின் வால்யூமை 5-க்கு இறக்கினால் கிட்டத்தட்ட சுத்தமான சத்தம், 10-க்கு ஏற்றினால் ஓரம் உடைகிறது. இதைப் பழகிய பிறகு இரண்டாவது டிரைவ் பெடல் வாங்கும் எண்ணமே எனக்கு வரவில்லை.

அப்புறம் அந்த "டப்".

மிதித்து ஆன் செய்யும்போது ஸ்பீக்கரில் ஒரு அடி விழும். அடுத்தடுத்து மிதித்தால் வராது. 3, 4 நிமிடம் சும்மா விட்டு மிதித்தால்தான் வரும். கடையிலோ வீட்டிலோ சோதிக்கும்போது தட்டித் தட்டித்தானே பார்ப்போம், அப்போது மாட்டவே மாட்டாது. ஜெபம் நீண்டு, எல்லோரும் கண்ணை மூடி நிற்கிற நேரத்தில், அடுத்த பாட்டுக்குத் தயாராக மெதுவாகக் காலை வைப்பேன். டப். முன்வரிசையில் ஒரு பாட்டி நெஞ்சில் கை வைத்துத் திரும்பிப் பார்த்த நாள் இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. கேபிள் மாற்றினேன், அடாப்டர் மாற்றினேன். தயாரிப்பாளருக்கே எழுதிக் கேட்டேன். "ட்ரூ பைபாஸ் என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வந்தது. ஆஃப் செய்தால் சிக்னல் சர்க்யூட்டைத் தொடாமல் சுவிட்ச் வழியே நேராகப் போய்விடும் வகைக்குத்தான் அந்தப் பெயர். நம்பிவிட்டேன்.

அப்படித்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பெடல் ஆஃப் ஆனதும், சர்க்யூட்டுக்குள் சிக்னல் நுழையும் இடத்தில் இருக்கிற கெபாசிட்டரின் வெளிப்பக்கம் எதோடும் இணையாமல் அந்தரத்தில் நிற்கும். மெல்ல மெல்லக் கசிகிற மின்னழுத்தம் அங்கே சேரும். மிதித்ததும் மொத்தமும் ஒரே நொடியில் இறங்குவதுதான் அந்தச் சத்தம். அங்கிருந்து கிரவுண்டுக்கு ஒரு 1 மெகா ஓம் ரெசிஸ்டர் போட்டுவிட்டால், சேரச் சேரச் சத்தமில்லாமல் வடிந்துவிடும். பழுப்பு, கறுப்பு, பச்சை என்று கோடு போட்ட, அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய சாமான். என் பெடலில் அது இல்லை. சர்க்யூட் போர்டில் அதற்கான துளைகூட இல்லை.

செவ்வாய்க்கிழமை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 3 கடை ஏறி இறங்கி 9 கால் சுவிட்ச் ஒன்றை வாங்கினேன். ரெசிஸ்டர் ஒன்று ஒரு ரூபாய்கூட ஆகவில்லை. இரவு பழைய சுவிட்சின் 9 கால்களிலிருந்தும் ஈயத்தை உறிஞ்சி எடுத்து, புதியதை வைத்து சால்டர் செய்து, ரெசிஸ்டரை, சுவிட்சிலிருந்து சர்க்யூட் போர்டுக்குள் சிக்னல் நுழையும் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையில் பற்றவைத்தேன். 5 நிமிடம் காத்திருந்து மிதித்தேன். சத்தமே இல்லை. அரை மணி நேரம் கழித்தும் இல்லை.

சுவிட்ச் போனதற்குத் தயாரிப்பாளரைக் குறை சொல்ல மாட்டேன். கடற்காற்று அடிக்கிற ஊரில் 4 வருடம் உழைத்திருக்கிறது. உள்வேலையும் சுத்தம், ஒயர் எல்லாம் ஒரே அளவில் வெட்டி வளைத்திருக்கிறார். ஆனால் 6,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு ரூபாய் ரெசிஸ்டரை விட்டுவிட்டு, கேட்டவனிடம் அப்படித்தான் இருக்கும் என்று சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அந்தச் சத்தத்துக்குப் பயந்து, ஜெபத்தில் மனம் வைக்காமல் காலையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்!

சரி தம்பி, உன் கேள்விக்கு வருகிறேன். பாஸ் (Boss) கம்பெனியின் எஸ்டி-1 ஓவர்டிரைவ் வாங்கு. 1981-லிருந்து விற்கிறார்கள். நடுப்பகுதி தூக்கி நிற்கிற இதே குடும்பம்தான். அலையின் ஒரு பக்கத்துக்கு 2 டயோடு, மறு பக்கத்துக்கு ஒன்று என்பதால் உடைகிற விதம் மட்டும் கொஞ்சம் வேறு. முக்கியமாக, அதில் உன் கால் அழுத்துவது ஒரு சின்ன பொத்தானை மட்டும்தான். சிக்னலை மாற்றிவிடுவது உள்ளே இருக்கிற டிரான்சிஸ்டர்கள். தனியாக வாசிப்பதுதான் அதிகம், அடிச்சத்தம் குறையக் கூடாது என்றால் அதே கம்பெனியின் பிடி-2 (BD-2) பெடலைப் பார். ஆம்ப் இல்லாமல் நேரே மிக்ஸரில் செருகுவதாக இருந்தால் எது வாங்கினாலும் கொசு ரீங்காரம் மாதிரி கேட்கும். கிட்டார் ஸ்பீக்கர் மறைத்துவிடுகிற உச்சச்சத்தம் அங்கே அப்படியே வெளியே வந்துவிடும். அதற்கு, கிட்டார் ஸ்பீக்கர் பெட்டியைப்போலவே சத்தத்தை வடிகட்டித் தரும் ஒரு கேப் சிமுலேட்டர் வேண்டும், முதலில் அதற்குக் காசு ஒதுக்கு.

என்னுடைய மாதிரியே ஒன்று வேண்டும் என்று கேட்காதே. இப்போது குறை தீர்ந்துவிட்டது, எஸ்டி-1-ஐவிட இதன் சத்தம்தான் எனக்குப் பிடிக்கும். இருந்தாலும் வாங்காதே. உன்னுடையது வந்ததும் சனிக்கிழமை பயிற்சிக்கு எடுத்து வா, இரண்டையும் ஒரே ஆம்பில் போட்டுக் கேட்போம்.