தோப்கப்பி அரண்மனைச் சமையலறை: சீனப் பீங்கானுக்காகவே போகலாம்

இஸ்தான்புல்லின் தோப்கப்பி அரண்மனையில் எல்லோரும் அங்குள்ள வைரத்தைப் பார்க்க ஓடுவார்கள். நான் நேராகச் சமையலறைக்குப் போனேன். 1574 தீ விபத்துக்குப் பிறகு உதுமானியக் கட்டடக் கலைஞர் சினான் திருத்திக் கட்டிய கூடம். மேலே வரிசையாகப் புகைபோக்கிகள். சுல்தான்கள் சேர்த்த சீனப் பீங்கான் 10,000-க்கும் மேல். காட்சியில் இருப்பது அதில் ஒரு பங்குதான்.

எல்லாமே தூதர்கள் கொண்டுவந்த பரிசு என்று நினைக்க வேண்டாம். விலைக்கு வாங்கியதும் உண்டு, 1514-இல் போரில் வென்று ஈரானின் தப்ரீஸ் நகரிலிருந்து அள்ளி வந்ததும் உண்டு. கை மாறிக் கை மாறி வந்த கதைதான் எனக்கு ருசி.

சீனாவின் லோங்சுவானில் செய்த பச்சைப் பீங்கான் தட்டு ஒன்றின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். நம் வாழையிலையைப் போல அகலம், இளந்தளிர் நிறம். விளிம்பில் வெளிச்சம் பட்டதும் மெருகுக்குள் தண்ணீர் தேங்கியது போல இருந்தது. விஷம் பட்டால் நிறம் மாறும் என்று அரண்மனையில் நம்பினார்களாம். அப்புறம் அந்த நீலவெள்ளைக் கிண்ணங்கள்! சிலவற்றில் உதுமானியக் கைவினைஞர்கள் தங்கக் கம்பி இழைத்து மாணிக்கம் பதித்திருக்கிறார்கள். எனக்கு அது கொஞ்சம் அதிகம். வெறும் பீங்கானே போதும்.

என்னைக் கூட்டிப்போன சுற்றுலா வழிகாட்டி இதற்குப் பத்தே நிமிடம் ஒதுக்கினார். மனசு கேட்கவில்லை, மறுநாள் தனியாகவே திரும்பப் போனேன். செவ்வாய்க்கிழமை விடுமுறை, பார்த்துப் போங்கள்.