காலை ஒன்பதுக்கு டிஸ்சார்ஜ், மாலை ஆறே காலுக்கு ஆட்டோ

டாக்டர் காலை ஒன்பது மணிக்கே "அம்மாவக் கூட்டிட்டுப் போகலாம்" என்று சொல்லிவிட்டார். அம்மா அப்போதே தலை வாரி, புடவை மாற்றி, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று. மாலை ஆறே காலுக்குத்தான் ஆட்டோ ஏறினோம். பித்தப்பைக் கல் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அதில் சொல்ல ஒன்றுமில்லை. மதுரையில் அந்த இன்சூரன்ஸ் கவுன்டர் முன்னால் நின்ற கதைதான் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

கடைசி பில் வந்தால் மூன்று மணி நேரத்துக்குள் கம்பெனி பதில் சொல்ல வேண்டும் என்று 2024-இல் ஐஆர்டிஏஐ, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு, விதி போட்டிருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வரும்போது விமானத்திலேயே படித்துவிட்டு அந்தத் தெம்பில் வந்திருந்தேன். ஆனால் அந்த மூன்று மணி நேரம், மருத்துவமனை பில்லை அனுப்பிய பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். டிஸ்சார்ஜ் சம்மரி டைப் ஆகவில்லை, டாக்டர் கையெழுத்துப் போடவில்லை என்று எங்கள் ஃபைல் மதியம் ஒரு மணி வரை அந்த மேஜையை விட்டு நகரவில்லை. "அனுப்பியாச்சா தம்பி?" என்று கேட்டால், "ப்ராசஸ்ல இருக்கு சார்." அதே பதில் பதினோரு முறை. எண்ணினேன், வேறு வேலை?

ஒருவழியாக அப்ரூவல் வந்தது. பில் 1,80,000 ரூபாய். கம்பெனி தருவது 1,07,200.

மீதி? பாலிசியில் அறை வாடகை வரம்பு நாளுக்கு 5,000. நாங்கள் எடுத்தது 7,500 ரூபாய் அறை. வாடகையை மட்டும் குறைப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். சர்ஜன் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாவற்றையும் அதே கணக்கில் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டார்கள். கையுறை அது இது என்று 6,000-ஐக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மிஞ்சியதிலும் 20 சதவீதம் நம் பங்கு, சீனியர் பாலிசியாம். அம்மா முதல் நாளே "ரெட்டைப் படுக்கை ரூம் போதும்டா" என்றார்கள். 7,500-ஐ டாலராக மாற்றிப் பார்த்து, 'இவ்வளவுதானா' என்று தனியறை எடுத்த புத்திசாலி நான்தான்.

கார்டைத் தேய்த்தேன், முடிந்தது. பக்கத்துக் கவுன்டரில் ஒரு பெரியவர், அவரிடமும் இன்சூரன்ஸ் அட்டை இருந்தது. 38,000 கட்டச் சொன்னார்கள். ஓரமாகப் போய் போனில், "அந்த வளையல எடுத்துட்டு நேரா பஜாருக்குப் போ" என்று மெதுவாகச் சொன்னார்.

எனக்கு அட்லாண்டாவில் என் பக்கத்து வீட்டம்மா நினைவுக்கு வந்தார். கறுப்பினப் பெண்மணி, ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். மெடிகேர் இருக்கிறது, அமெரிக்க அரசு வயதானவர்களுக்குக் கொடுக்கும் இன்சூரன்ஸ். டாக்டர், ஸ்கேன் செலவில் மெடிகேர் 80 சதவீதம் கொடுக்கும். மீதி 20 கைக்காசு, அதற்கு உச்சவரம்பும் கிடையாது. (அங்கேயும் அதே இருபது!) பிரீமியம் 2025-இல் மாதம் 185 டாலராக இருந்தது. பல்லுக்கும் கண்ணாடிக்கும் பொதுவாக ஒன்றும் வராது. வசதியுள்ளவர்கள் அந்த இருபதை அடைக்கத் தனியாக இன்னொரு பாலிசி வாங்குவார்கள், சிலருக்குப் பழைய கம்பெனியே கொடுக்கும். இந்த இரண்டும் வெள்ளைக்காரர்களிடம் அதிகம். காலமெல்லாம் குறைந்த சம்பளம் வாங்கிய கறுப்பினத்தவருக்கும் லத்தீன் அமெரிக்கர்களுக்கும் சேமிப்பும் குறைவு. அதனால் ஒரே மெடிகேர் அட்டையை வைத்துக்கொண்டும் மருத்துவக் கடனில் மாட்டுவது, மாத்திரையைத் தள்ளிப்போடுவது எல்லாம் இவர்களிடம்தான் அதிகம். அந்தம்மா பிரஷர் மாத்திரையைக் கத்தியால் பாதியாக வெட்டுவதை நானே பார்த்திருக்கிறேன்.

1966-இல் மெடிகேர் வந்தபோது, நிறம் பார்த்து வார்டு பிரிக்கும் ஆஸ்பத்திரிக்குப் பணம் கிடையாது என்று அரசு சொன்னதும் அமெரிக்காவின் தெற்கே கறுப்பினத்தவருக்குக் கதவுகள் மளமளவென்று திறந்தன. சிறுமியாக அதைப் பார்த்ததை அவர் பெருமையாகச் சொல்வார். சொல்லிக்கொண்டே அடுத்த மாத்திரையை வெட்டுவார்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லவில்லை. ஆட்டோவில் "எவ்வளவுடா கட்டுன?" என்றார்கள். "பன்னெண்டாயிரம்மா" என்றேன். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கொஞ்ச தூரம் போனதும், "பக்கத்துக் கவுன்டர்ல நின்ன அந்த அண்ணனுக்குக் காசு வந்து சேந்துச்சா?" என்று கேட்டார்கள்.

நான் திரும்பிப் பார்க்காமல் வந்திருந்தேன்.