காயமுற்ற விழித்திரை: வரிக்குதிரை மீனும் சுண்டெலியும்

விழித்திரையைத் தாங்கி நிற்கும் முல்லர் செல்கள் இரண்டு உயிரிகளிலும் உள்ளன. எனினும் காயத்துக்குப் பின் அவற்றின் வழிகள் பிரிந்துவிடுகின்றன. மீனில், இறக்கும் ஒளியுணர் செல்களிலிருந்து வெளிப்படும் டிஎன்எஃப்-ஆல்ஃபா புரதத்தை உணர்ந்த முல்லர் செல்கள், கருவளர்ச்சிக்கால மரபணுவான ஏஎஸ்சிஎல்1-ஐ மீண்டும் இயக்கி, பிளவுற்று, புதிய நரம்புச் செல்களுக்கான முன்னோடிகளைத் தருகின்றன, பார்வையும் திரும்புகிறது. சுண்டெலியிலோ பெரும்பாலும் தழும்புதான் மிஞ்சுகிறது.

ஆயினும் இந்த இயலாமையை நிலையான ஒன்றாகக் கருத நான் தயங்குகிறேன். 2017இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அம்மரபணுவைச் செயற்கையாக இயக்கி, குரோமாட்டினை (செல்லினுள் டிஎன்ஏவைச் சுருட்டி வைத்திருக்கும் புரதப் பொதியை) தளர்த்தும் மருந்தையும் சேர்த்து, வளர்ந்த சுண்டெலியின் காயமுற்ற விழித்திரையில் நரம்புச் செல்களை உருவாக்கினர்; அவை பெரும்பாலும் விழித்திரையின் இடைநிலை நரம்புச் செல்களான இருமுனைச் செல்களையும் அமக்ரைன் செல்களையும் ஒத்திருந்தனவேயன்றி, மருத்துவம் அதிகம் நாடும் ஒளியுணர் செல்களாக அமையவில்லை.