எம்எஸ் 180-க்கு வாங்கிய டூப்ளிகேட் போர் கிட்: மூன்று செத்த மெஷின்களில் போட்டுப் பார்த்த பிறகு

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டில் எம்எஸ் 180 மரம் அறுக்கும் மெஷினுக்கு ஆன்லைனில் கிடைக்கும் டூப்ளிகேட் போர் கிட்டை மூன்று தடவை வாங்கிவிட்டேன். பெட்டிக்குள் சிலிண்டர், பிஸ்டன், ரிங், பின், பின்னைப் பிடிக்கும் இரண்டு லாக், அவ்வளவுதான். விலை 1,450 ரூபாய். மூன்றும் ஒரே கடையில், ஒரே மாதிரி பெட்டியில் வந்தவை. முதல் கிட் இருபது நிமிஷத்தில் போய்விட்டது, இரண்டாவதில் பிஸ்டனை மட்டும் எடுத்துக்கொண்டேன், மூன்றாவது இன்று வரை ஓடிக்கொண்டிருக்கிறது. விற்கிற இடத்தில் இருக்கும் ரிவியூ எல்லாம் "பார்சல் சீக்கிரம் வந்தது, பேக்கிங் சூப்பர்" என்பதோடு முடிந்துவிடுகிறது. பொருளை மெஷினுக்குள் போட்டு ஓட்டியவர் யாரும் எழுதக் காணோம், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு இது தொழில் கிடையாது. பேராவூரணிப் பக்கம் எங்கள் ஊர். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறி எங்கள் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டபோது, கோடாலியால் வெட்டித் தீராது என்று அவரவர் கடன் வாங்கியாவது ஒரு மெஷின் வாங்கினார்கள். விழுந்த மரமெல்லாம் அறுத்து முடித்தபின் அந்த மெஷின்கள் டேங்கில் பெட்ரோலோடு அப்படியே மோட்டார் கொட்டகை மூலைக்குப் போய்விட்டன. இப்போது அவை ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக் கடைக்கு வருகின்றன. நான் முதன்முதலில் ஒரு எம்எஸ் 180-ஐக் கையில் எடுத்தபோது கடைக்கார அண்ணன், "தம்பி, அது செத்த மெஷின், கயிறே இழுக்க முடியல, எடைக்குத்தான் போகும்" என்றார். எழுநூறு ரூபாய் கொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். சாயங்காலம் கொல்லைத் திண்ணையில் உட்கார்ந்து அதை அக்குஅக்காகப் பிரிக்கும்போது வந்த சந்தோஷம் இன்னும் விடவில்லை.

கிட் வாங்கலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்ய முதலில் மெஷின் ஏன் ஜாம் ஆனது என்று தெரிய வேண்டும். கயிறு வரவில்லை என்றதும் முழுப் பலத்தோடு இழுக்காதீர்கள். பிளக் துளையில் கம்பியை விட்டு பிஸ்டனைக் குத்தவும் வேண்டாம். சைலன்சரைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டைக் கழற்றிவிட்டு அந்தத் துளை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள், பிஸ்டனின் பக்கவாட்டு அப்படியே கண்ணுக்குத் தெரியும். மழமழவென்று இருந்து, ரிங் பக்கம் மட்டும் பழுப்பாகப் பிசின் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் அது சும்மா கிடந்ததால் பிடித்துக்கொண்ட மெஷின். பிளக் துளையில் டீசலும் கொஞ்சம் 2டி ஆயிலும் (இந்த மாதிரி டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குப் பெட்ரோலில் கலக்கிற ஆயில்) ஊற்றி இரண்டு நாள் ஊறவிட்டு, அப்புறம் மேக்னட் (கிராங்க் முனையில் சுற்றும் காந்தச் சக்கரம்) பக்கத்து நட்டில் பாக்ஸ் ஸ்பேனர் மாட்டி முன்னும் பின்னும் மெல்ல மெல்ல அசைத்தால் விட்டுக்கொடுக்கும். அதற்கு எந்தக் கிட்டும் தேவையில்லை. மாறாக, பிஸ்டனில் மேலிருந்து கீழாக உழவுசால் மாதிரிக் கோடுகள் இருந்தால் ஓடும்போதே சீஸ் ஆனது, அதாவது பிஸ்டன் சூடேறி சிலிண்டரோடு இறுகிப்போனது என்று அர்த்தம். கோடு சைலன்சர் பக்கம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் காற்று கூடிப்போய் சூடேறிய கேஸ். சுற்றிலும் இருந்தால் ஆயில் கலக்காத வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளலாம். எனக்கு வந்த மூன்றில் இரண்டு அப்படித்தான். புயல் நேரத்துப் பதற்றத்தில் பைக்கிலிருந்து உறிஞ்சி ஊற்றியிருப்பார்கள், பாவம், யாரையும் குற்றம் சொல்ல மனம் வரவில்லை.

முதல் மெஷின். கோடு ஆழமாக இருந்ததால் யோசிக்காமல் கிட் ஆர்டர் போட்டேன். இந்த மாடலில் சிலிண்டரை மட்டும் தனியாகத் தூக்க முடியாது. கிராங்க், பேரிங், ஆயில் சீல் எல்லாம் சிலிண்டருக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும், அதனால் இன்ஜின் முழுசும் வெளியே வந்தாக வேண்டும். கிளட்ச் மரை தலைகீழ், வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும், தெரியாமல் இடப்பக்கம் முறுக்கினால் இன்னும் இறுகும். அடித்தட்டின் நான்கு போல்ட்டுக்கும் டி27 நட்சத்திர பிட் தேவை. எல்லாம் பிரித்து, புது சிலிண்டரைப் பெட்டியிலிருந்து எடுத்தது எடுத்தபடி மாட்டினேன். ஸ்டார்ட் ஆனது, சத்தமும் நன்றாக இருந்தது, ஒரு வேப்பங்கிளையை அறுத்தேன். சுமார் இருபது நிமிஷத்தில் 'கிர்ர்' என்று ஒரு சத்தம் வந்து நின்றது. பிரித்துப் பார்த்தால் பின்னைப் பிடிக்கும் லாக் ஒரு பக்கம் காணோம். அது கழன்று போய், பின் நகர்ந்து சிலிண்டர் சுவரைக் கீறி எடுத்திருந்தது.

அன்று ராத்திரி அந்தச் சிலிண்டரை டியூப் லைட்டுக்குக் கீழே வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே சுண்டு விரலை விட்டு, புகை வெளியேறும் துளையின் ஓரத்தை மெல்லத் தடவினால் பிளேடு முனை மாதிரி விரலை வெட்டியது. மெஷினோடு வந்த பழைய ஸ்டில் கம்பெனி சிலிண்டரில் அதே இடத்தைத் தடவினேன், கூழாங்கல் ஓரம் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. ரிங் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை அந்த ஓரத்தைத் தாண்டிப் போக வேண்டும். ஓரம் கூராக இருந்தால் ஒவ்வொரு தடவையும் ரிங்கைச் சுரண்டும், ஒருநாள் ரிங் துளைக்குள் சிக்கி உடையும். பக்கவாட்டு வழிகளுக்குள் வார்ப்பின் பிசிறு வேறு அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது. லாக்கைக் கையால் அழுத்தினால் அழுத்தியபடியே வளைந்து நின்றது, திரும்பி விரியவில்லை. ஸ்பிரிங் கம்பி என்றால் அது தெறித்து விரிய வேண்டும். இதையெல்லாம் மாட்டுவதற்கு முன்னாலேயே பார்த்திருக்கலாம். கிட் கூட ஒரு துண்டுச் சீட்டாவது வைத்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. கடைக்காரருக்குப் படத்தோடு எழுதினேன், "பொருத்திவிட்டால் ரிட்டர்ன் கிடையாது" என்று ஒரு வரியில் பதில்.

இரண்டாவது மெஷினில் வேறு வழிக்குப் போனேன். எனக்கு மிகவும் பிடித்த வேலையும் இதுதான். இந்தச் சிலிண்டர்களின் உள்சுவர் வெறும் அலுமினியம் கிடையாது, மேலே கடினமான ஒரு பூச்சு உண்டு. நிக்கலோடு சிலிக்கான் கார்பைடு கலந்த பூச்சுக்கு நிக்காசில் என்று பெயர், ஜெர்மனியின் மாலே கம்பெனி 1967-ல் கொண்டுவந்தது. சீஸ் ஆகும்போது பெரும்பாலும் உருகுவது பிஸ்டனின் அலுமினியம்தான். அது சிலிண்டர் சுவரில் அப்பிக்கொள்ளும், பார்ப்பதற்குச் சிலிண்டரே கிழிந்துபோன மாதிரி தெரியும். அந்த அப்பலை எடுத்துவிட்டால் அடியில் பூச்சு பத்திரமாக இருக்கலாம். பாத்ரூம் கழுவும் ஆசிட்டைக் காது குடையும் பட்ஸில் தொட்டு அந்தக் கோட்டின் மேல் மட்டும் வைத்தால் நுரை பொங்கும், அது அலுமினியம் கரையும் நுரை. துடைத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். நான் ஏழு தடவை வைத்தேன். எட்டாவது தடவை நுரை வரவில்லை, அடியில் சாம்பல் நிறத்தில் பூச்சு முழுசாக வெளிப்பட்டது. அந்த இடத்தை நகத்தால் கீறிப் பார்த்தேன், எங்கும் மாட்டவில்லை. அந்த நிமிஷத்தில் நான் மெஷினைத் தூக்கிக் கொஞ்சாத குறைதான்.

இதைச் செய்பவர்கள் கையுறையும் கண்ணாடியும் போட்டு, வெட்டவெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று செய்யுங்கள். துளைகளின் ஓரத்தில் பூச்சு இல்லாத அலுமினியம் தெரியும், அங்கே ஆசிட் பட்டால் அதையும் தின்றுவிடும், அதனால் சொட்டு வழியக் கூடாது. முடிந்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் நன்றாகக் கழுவி, உடனே துடைத்து, ஆயில் பூசுங்கள். அப்புறம் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் குறுக்கு மறுக்காக லேசாகத் தேய்த்தால் போதும்.

அந்தக் கம்பெனி சிலிண்டரில் கிட்டிலிருந்த பிஸ்டனைப் போட்டேன். பிஸ்டன் குறை சொல்லும்படி இல்லை. குறுக்களவு 38 மில்லிமீட்டர் சரியாக இருந்தது, பின் கையால் தள்ள வழுக்கிப் போனது. ஆனால் ரிங்கும் லாக்கும் கம்பெனி பார்ட்ஸ் கேட்டு வாங்கினேன், இந்த இரண்டில் காசு பார்க்காதீர்கள். பிஸ்டன் தலையிலிருக்கும் அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். ரிங்கின் இரண்டு முனையும் பள்ளத்திலிருக்கும் சின்னக் குச்சிக்கு இரு பக்கமும் உட்கார வேண்டும், இதைக் கவனிக்காமல் சிலிண்டரைத் தள்ளினால் ரிங் அங்கேயே முறியும்.

மூன்றாவதில் சிலிண்டர் பூச்சு உண்மையாகவே உரிந்திருந்தது, நகம் மாட்டியது. அதற்கு இந்தக் கிட்டைத் தவிர என் பட்ஜெட்டில் வழியில்லை. இந்தத் தடவை இரண்டு சாயங்காலம் சிலிண்டரோடு மட்டும் உட்கார்ந்தேன். சின்ன ரவுண்டு அரத்தில் 400 நம்பர் எமரியைச் சுற்றி எல்லாத் துளைகளின் ஓரத்தையும் விரல் வெட்டாத வரைக்கும் மழுக்கினேன். உள்வழிகளின் பிசிறைச் சுரண்டி எடுத்தேன். சோப்புத் தண்ணீரில் மூன்று தடவை கழுவினேன், ஏனென்றால் எமரி மண் ஒரு துகள் உள்ளே இருந்தாலும் எல்லாம் வீண். அடித்தட்டை ஒட்டும்போது பெட்ரோலைத் தாங்கும் பேஸ்ட் என்று கேட்டு வாங்கினேன், சாதாரண சிலிக்கான் பெட்ரோலில் ஊறி உரிந்துவிடும்.

ஒட்டிக் காய்ந்ததும் லீக் இருக்கிறதா என்று பார்க்காமல் ஓட்டவே கூடாது. பல எம்எஸ் 180 கார்புரேட்டர்களில், முழு வேகத்தில் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் ஹை ஸ்க்ரூவே கிடையாது. எங்காவது காற்று உள்ளே போனால் அதை ஸ்க்ரூ வைத்துச் சரிக்கட்ட வழியில்லை, மறுபடி சீஸ்தான். சைக்கிள் டியூப் ரப்பரை வெட்டி சைலன்சர் துளை, கார்புரேட்டர் துளை இரண்டையும் அடைத்து, பிளக் துளை வழியாகப் பம்பில் லேசாகக் காற்றடித்து, இன்ஜினை வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன். பஞ்சர் கடைத் தொட்டியில் பார்ப்போமே, அதே மாதிரிதான். மேக்னட் பக்கத்து ஆயில் சீலில் பொடிப்பொடியாகக் குமிழி வந்தது. இந்த மெஷின் முதலில் ஏன் சீஸ் ஆனது என்பதற்கான பதிலே அதுதான் என்று நினைக்கிறேன். சீலை மாற்றாமல் எவ்வளவு நல்ல கிட்டைப் போட்டிருந்தாலும் போயிருக்கும். கிட் சரியில்லை என்று திட்டுபவர்களில் எத்தனை பேர் இதைப் பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

மற்றதெல்லாம் சீக்கிரம் முடிகிற வேலை. காயிலுக்கும் மேக்னட்டுக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டை வைத்து இறுக்கினால் இடைவெளி சரியாக வரும். கார்புரேட்டர் டயாஃப்ரமும் பெட்ரோல் டியூபும் கட்டாயம் மாற்றுங்கள், கிடந்த மெஷினில் அவை அப்பளம் மாதிரி விறைத்திருக்கும். இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல், அது ஈரத்தை இழுக்கும், அதனால் வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்துவிட்டு, நிற்கும் வரை ஓடவிட்டு வையுங்கள். கலவை, லிட்டருக்கு ஸ்டில் கம்பெனி ஆயில் என்றால் 20 மில்லி, வேறு 2டி ஆயில் என்றால் 40 மில்லி. செயினுக்கு 4 மில்லிமீட்டர் ரவுண்டு அரம். தென்னையின் வெளிவட்டம் கல் மாதிரி இருக்கும், அடிக்கடி தீட்டியே ஆக வேண்டும். பழைய மெஷின் என்றால் செயின் பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மரத்தில் வைக்க வேண்டும்.

சரி, வாங்கலாமா என்றால், சிலிண்டர் பூச்சு உயிரோடு இருந்தால் இந்தக் கிட் வேண்டாம், பிஸ்டன் மட்டும் தனியாகக் கிடைத்தால் அதை வாங்குங்கள். பூச்சு போய்விட்டது, புது மெஷின் வாங்கக் கையில் காசில்லை, இரண்டு நாள் பொறுமை இருக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம், ஆனால் 1,450 ரூபாயோடு கம்பெனி ரிங், லாக், சீல் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பெட்டியைப் பிரித்து அப்படியே மாட்டப் போகிறீர்கள் என்றால் வாங்கவே வாங்காதீர்கள். என் கணக்கில் ஐந்துக்கு இரண்டரை. 58 சிசி சைனா மெஷின்களுக்கு வரும் கிட்டையும் ஒன்று பார்த்தேன், அதிலும் துளை ஓரம் இதே கூர்தான்.

மூன்றாவது மெஷின் இப்போது என் தாய்மாமாவிடம் இருக்கிறது. காய்க்காத தென்னைகளை ஆறு மாதமாக அதில்தான் அறுக்கிறார். போன வாரம் எடுத்துவரச் சொல்லி, கயிற்றுப் பிடியைப் பிடித்து மெஷினை அந்தரத்தில் தொங்கவிட்டுப் பார்த்தேன். சடாரென்று இறங்கவில்லை, ஒவ்வொரு கம்ப்ரஷனிலும் நின்று நின்றுதான் இறங்கியது, கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது. பிளக்கைக் கழற்றினேன், முனை சரியாக எரிகிற காப்பி நிறத்தில் இருந்தது. "என்னடா, ஏதும் கோளாறா?" என்றார் மாமா. "இல்ல மாமா, எடுத்துட்டுப் போங்க" என்றேன்.