கிராம சபையா, கட்டட விதியா?

மகாராஷ்டிராவின் ஹிவாரே பஜார் கிராமத்தில் தண்ணீருக்கு ஊராட்சியே வரவு செலவு பார்க்கிறது. மழைமானி காட்டும் அளவை வைத்து கிராம சபையில் கணக்குப் போடுவார்கள். குடிக்கவும் மாடு கன்றுக்கும் முதலில் ஒதுக்கீடு, மிச்சத்துக்கு ஏற்றபடிதான் பயிர். கரும்பு, வாழை கிடையாது. பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடவும் கூடாது. போபட்ராவ் பவார் ஊராட்சித் தலைவரான பிறகு வந்த கட்டுப்பாடுகள் இவை.

சென்னையில் வேறு வழி. 2003-இல் மாநில அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. பல இடங்களில் நீர்மட்டம் ஏறியது உண்மைதான். அப்புறம் குழியைத் தூர்வாருவது யார்? எங்கள் அடுக்ககத்தில் மொட்டைமாடிக் குழாய் தரைக்கு ஒரு முழம் மேலேயே உடைந்து நிற்கிறது. கீழே ஜல்லிக் குழி முழுக்கச் சேறு. பத்து நிமிஷம் மழை பெய்தால் தண்ணீர் நேராகத் தெருவுக்கு. 2019 கோடையில் குடத்தோடு லாரிக்கு நின்றோம்.

சென்னை விதி தண்ணீரை நிலத்துக்குள் விடுவதைப் பார்க்கிறது, ஹிவாரே பஜார் அதை எடுப்பதையும் பார்க்கிறது. என் ஓட்டு பின்னதற்கே. சரி, ஆயிரத்துச் சொச்சம் பேர் உள்ள ஊரின் ஏற்பாடு பெருநகரத்துக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் வார்டுக்கு ஒரு மழைமானி வைக்க என்ன தடை?