ஐப்பசி மழையில் கைக்குழந்தைக்கு எந்தக் கூழ்: ஏத்தங்காயா, ராகியா, கூவையா?

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு முதல் கூழ் காய்ச்சப் போகிறோம் என்றால் குமரி மாவட்டத்து வீடுகளில் மூன்று பேச்சு கிளம்பும். பாட்டி ஏத்தங்காய்ப் (நேந்திரங்காய்) பொடி என்பார், பக்கத்து வீட்டு அக்கா ராகி என்பார், வயிறு லேசான பிள்ளை என்றால் கூவைப்பொடிதான் (ஆரோரூட் கிழங்கு மாவு) என்று யாராவது சொல்வார்கள். மாசி, பங்குனி வெயிலில் எதைத் தேர்ந்தாலும் பெரிய கஷ்டமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் அப்படி இல்லை. தென்மேற்கு மழை விட்ட ஈரம் உலர்வதற்குள் வடகிழக்கு மழை பிடித்துக்கொள்ளும். தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் இடையிடையே காற்றும் வெயிலும் கிடைக்கும். குலசேகரம், பேச்சிப்பாறை, மார்த்தாண்டம் பக்கம் கொடியில் போட்ட துணியே மூன்று நாளைக்கு ஈரம் போகாமல் கிடக்கும். துணி உலராத காற்றில் மாவுப் பொருளும் உலராது. அதனால் எதில் சத்து அதிகம் என்று பார்ப்பதோடு, எதை இந்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமல் செய்ய முடியும் என்றும் பார்க்க வேண்டும்.

சத்து என்று பார்த்தால் ராகிதான் முன்னால் நிற்கிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராம் ராகியில் சுண்ணாம்புச் சத்து 364 மில்லிகிராம், இரும்பு 4.6 மில்லிகிராம், புரதம் 7 கிராம். ஏத்தங்காய்ப் பொடியில் பெரும்பகுதி மாவுச்சத்து. பொட்டாசியம் நிறைய உண்டு, புரதமும் இரும்பும் குறைவு. கூவைப்பொடி கிழங்கை அரைத்து, கழுவி, அடியில் படிந்த மாவை மட்டும் எடுப்பது. கழுவும்போதே மற்றதெல்லாம் தண்ணீரோடு போய்விடுவதால், புரதம் என்று சொல்ல அதில் ஒன்றுமே மிஞ்சாது. எளிதில் செரிக்கும் என்பது உண்மை. ஆனால் தினமும் மூன்று வேளை கூவை மட்டும் குடிக்கும் பிள்ளை வயிறு நிறைந்தும் சத்துக் குறைவோடு வளரும். ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலில் இரும்பு போதாது. கூழ் தொடங்குவதே அந்தக் குறையை ஈடுகட்டத்தான்.

இனி உலர்த்தும் விஷயம். இதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

ஏத்தங்காய்ப் பொடிக்கு நன்றாக விளைந்த, ஆனால் பழுக்கத் தொடங்காத காய் வேண்டும். பழுக்க ஆரம்பித்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்தப் பொடி காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, தண்ணீருக்குள் வைத்துத் தோலுரித்தால் கறையும் ஒட்டாது, சதையும் அவ்வளவு கறுக்காது. 2 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாமல் சீவி, சுளவிலோ (முறம்) சுத்தமான வெள்ளைத்துணியிலோ ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்ப வேண்டும். ஒரு கிலோ காயில் தோல் போக ஏறக்குறைய 600 கிராம் சதை, அது காய்ந்தால் 200 முதல் 250 கிராம் பொடி. நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாளில் துண்டு ஒடித்தால் ‘டக்’ என்று முறியும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள்.

ஐப்பசியில் நடப்பது வேறு. காலையில் இரண்டு மணி நேரம் வெயில், மத்தியானம் மூடிக்கொண்டு மழை. துண்டின் மேல்புறம் காய்ந்து உள்ளே ஈரம் தங்கிவிடும். எடுத்து உள்ளே வைத்தால் மறுநாள் புளித்த வாடை, மூன்றாம் நாள் பச்சையோ கறுப்போ புள்ளி. புள்ளியை மட்டும் சுரண்டிவிட்டு மீதியை வறுத்துப் பொடிக்கலாம் என்பது ஆபத்தான யோசனை. பூஞ்சை கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்துத் துண்டுகளிலும் பரவியிருக்கும். அது விட்ட நஞ்சு அடுப்பில் வறுப்பதால் போகாது. அந்தத் தட்டு முழுவதையும் கொட்டிவிட வேண்டும். அடுப்புக்கு மேல் பரணில் வைத்தால் புகைவாடை ஏறும், ஃபேனுக்கு அடியில் வைத்தால் ஈரக்காற்றே சுற்றிச் சுற்றி வரும். வீட்டில் மின் அவன் இருந்தால் 60 முதல் 70 டிகிரியில், கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்து ஐந்தாறு மணி நேரம் உலர்த்தலாம். இல்லையென்றால் இந்த இரண்டு மாதமும் பொடி செய்யாமல் இருப்பதே நல்லது.

பொடி இல்லை என்றால் ஏத்தன் இல்லை என்று ஆகிவிடாது. பச்சைக் காயைத் தோலோடு இரண்டாக வெட்டி, குக்கரில் இரண்டு விசில் விட்டு எடுத்து, தோலுரித்து, நடுவிலுள்ள கறுத்த விதை நரம்பை நீக்கி, வெந்நீர் சேர்த்துக் கம்பிச் சல்லடையில் தேய்த்தால் அதே கூழ்தான், உலர்த்தும் வேலை மட்டும் இல்லை. ஆறினால் கெட்டியாகும் என்பதால் வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஊட்ட வேண்டும். பழுத்த ஏத்தனை 10 முதல் 12 நிமிடம் ஆவியில் வேகவைத்து நரம்பை எடுத்து மசித்தால் இனிப்பும் தேவைப்படாது. மட்டி வாழைப்பழம் கிடைத்தால் வேகவைக்கவும் வேண்டாம், கரண்டியால் மசித்தாலே போதும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ப் பழம் அது. காய்க்கூழில் மலம் இறுகும் பிள்ளைகள் உண்டு. அப்போது காயை நிறுத்திப் பழத்துக்கு மாறலாம்.

ராகியில் உலர்த்தும் தொல்லை இன்னும் கூடுதல். ஏனென்றால் முளைகட்டிய தானியம் ஏற்கெனவே நனைந்து, உயிர்பெற்று நிற்கிறது. மழைநாளில் அதைப் பரப்பினால் பொடியாவதற்கு முன் புளிக்கும். ஆனால் ராகிக்கு மிகச் சுலபமான மாற்று உண்டு: பாலெடுத்துக் காய்ச்சுவது. இந்தப் பருவத்தில் ராகியை முதலாவதாக வைப்பதற்கு இதுவே காரணம்.

ஒரு குழந்தையின் ஒரு வேளைக்கு 2 மேசைக்கரண்டி ராகி. மண்ணும் பொடிக்கல்லும் இருக்கும், ஐந்தாறு தடவை அரித்துக் கழுவ வேண்டும். இரவு முழுக்க ஊறவைத்துத் தண்ணீரை வடித்துத் துணியில் கட்டிவைத்தால், வெயில் காலத்தில் 24 மணி நேரத்தில் வரும் முளை குளிர்ந்த மழைநாளில் 36 மணி நேரம்கூட எடுக்கும். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்து அலசாவிட்டால் வழவழப்பும் நாற்றமும் வரும். நாற்றம் வந்தது குழந்தைக்கு வேண்டாம். வெள்ளை முளை 2, 3 மில்லிமீட்டர் எட்டிப் பார்த்ததும் மிக்ஸியில் அரை டம்ளர் தண்ணீர் விட்டு அரைத்து, மெல்லிய துணியில் பிழிந்து, சக்கையில் இன்னொரு கால் டம்ளர் தண்ணீர் விட்டு மறுபடி பிழிய வேண்டும். அடிகனமான பாத்திரத்தில் மெல்லிய தீயில் கிண்டிக்கொண்டே காய்ச்ச வேண்டும். கொதி வந்தபின் இன்னும் ஐந்து நிமிடம் கட்டாயம், முளை ஈரத்தில் கிருமி வளர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. முளைகட்டாத ராகியும் பாலெடுக்கத் தோதுதான், ஊறினால் போதும்.

முளைகட்டிய ராகிக் கூழ் கெட்டியாகாமல் நீர்த்தே இருந்தால் தவறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். முளைக்கும்போது பிறக்கும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால் அப்படி. இது பெரிய வசதி: அதே இளக்கத்தில் கூடுதல் ராகியைச் சேர்க்கலாம், சின்ன வயிற்றுக்குள் அதிகச் சத்து போகும். மற்றபடி கரண்டியைச் சாய்த்தால் கூழ் தண்ணீராக ஓடாமல் தங்க வேண்டும். ஓடுகிற கூழில் பெரும்பாலும் தண்ணீர்தான் இருக்கும். துணியில் பிழிவதில் ஒரு நஷ்டமும் உண்டு. ராகியின் சுண்ணாம்புச் சத்தில் பெரும்பங்கு தோலோடு ஒட்டியது, சக்கையில் நின்றுவிடும். எட்டாம் மாதத்திலிருந்து துணியை விட்டு டீ வடிகட்டிக்கு மாறலாம், ஒரு வயதுக்குப் பிறகு வடிக்கவே வேண்டாம்.

கூவைக்கு இந்தப் பருவத்தில் இன்னொரு சிக்கல். வைகாசி, ஆனியில் நட்ட கிழங்கு இலை மஞ்சளித்துச் சாய்ந்து மார்கழி, தை மாதத்தில்தான் தோண்டுவார்கள். ஐப்பசியில் கையிலிருப்பது போன தையில் எடுத்த பொடி. கட்டியாகியிருந்தாலோ பூசண வாடை அடித்தாலோ குழந்தைக்கு எடுக்கக் கூடாது. கடையில் வாங்குவதில் மக்காச்சோள மாவும் மரச்சீனி (மரவள்ளி) மாவும் கலந்து வரும். ஒரு கரண்டி காய்ச்சிப் பார்த்தால் தெரியும்: கூவை கண்ணாடிபோலத் தெளிவாகக் கெட்டியாகும், சோளமாவு பால்நிறமாக மங்கும், மரச்சீனி நூலிழையாக இழுபடும்.

வயிற்றுப்போக்குக்குக் கூவை மருந்து என்ற நம்பிக்கை மழைக்காலத்தில்தான் அதிகம் வெளிவரும். ஒரு கிண்ணம் கூவைக்கூழ் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் இழந்த உப்பை அது திருப்பித் தராது. குழந்தைக்கு வேண்டியது ஓ.ஆர்.எஸ். கரைசல், ஆறு மாதத்துக்கு மேல் என்றால் தினம் 20 மில்லிகிராம் துத்தநாக மாத்திரை 14 நாள், கூடவே தாய்ப்பாலும் வழக்கமான உணவும். ஓ.ஆர்.எஸ்., துத்தநாக மாத்திரை இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். மலத்தில் ரத்தம், தொடர் வாந்தி, கண் குழிவது, சிறுநீர் குறைவது, துவண்டு கிடப்பது என்று ஏதாவது தெரிந்தால் கூழைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

அங்கன்வாடியில் 6 மாதம் முதல் 3 வயது வரை கொடுக்கும் சத்துமாவைப் பலர் இரண்டாம்பட்சமாக நினைக்கிறார்கள். கோதுமை, முளைகட்டிய ராகி, கடலைப்பருப்பு, வெல்லம், வைட்டமின், தாதுக்கள் சேர்ந்த, ஏற்கெனவே உலர்ந்த மாவு அது. அரைகுறையாகக் காய்ந்த வீட்டுப் பொடியைவிட நூறு மடங்கு மேல். வெல்லம் ஏற்கெனவே இருப்பதால் மேற்கொண்டு இனிப்பு வேண்டாம். திறந்த பையை அப்படியே சுருட்டி வைக்காமல் காய்ந்த கண்ணாடிப் புட்டியில் மாற்ற வேண்டும். ஈரக் கரண்டி பட்டால் மழைக்காலத்தில் ஒரு வாரம்கூடத் தாங்காது.

எந்தக் கூழானாலும் தனியாக நிற்காது. அரை டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் அல்லது நெய் சேர்த்தால் ஏறக்குறைய 20 கலோரி கூடும். நன்றாக வெந்த சிறுபயறு, வேகவைத்த முட்டை மஞ்சள் கரு, முள் முழுக்க எடுத்து மசித்த சாளை (மத்தி) மீன் அல்லது நெத்திலி என்று தினம் ஒன்று சேர்க்கலாம். புதிதாகச் சேர்க்கும் எதையும் மூன்று நாள் ஒன்று மட்டுமாகக் கொடுத்துப் பார்ப்பது நல்லது. ஆரம்பத்தில் வேளைக்கு 2, 3 மேசைக்கரண்டி, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை. பிறகு மெதுவாக அரைக் கிண்ணம். ஒரு வயதுவரை உப்பும் கருப்பட்டியும் தேவையில்லை. மார்த்தாண்டம் தேன் எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும் ஒரு வயது முடியும் முன் ஒரு துளிகூடத் தொட்டுவைக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பாட்டுலினம் என்ற நுண்ணுயிரின் வித்துகள் பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சு விடும்.

மழையில் மின்சாரம் போனால் ராகிப்பால் நின்றுபோகும், மிக்ஸி ஓடாது. அதற்காகத் தையில் உலர்த்திய ஏத்தன் துண்டுகளைப் பொடிக்காமல் துண்டாகவே இறுக மூடி வைத்திருந்தால் உரலில் இடித்துச் சலித்துக்கொள்ளலாம். துண்டு பொடியைவிட மெதுவாகத்தான் ஈரம் இழுக்கும். ஒரு மேசைக்கரண்டிப் பொடியை முதலில் 150 மில்லி ஆறிய தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு அடுப்பில் ஏற்றி ஆறேழு நிமிடம் கிண்டினால் போதும். கொதிக்கும் தண்ணீரில் பொடியைக் கொட்டினால் உருண்டை உருண்டையாகும், உள்ளே வேகாது. துண்டும் இல்லை, மின்சாரமும் இல்லை என்றால் பச்சை ஏத்தங்காயை எடுத்துக் குக்கரில் போட்டுவிடலாம். குழந்தை மிச்சம் வைத்த கூழை மட்டும் அடுத்த வேளைக்கு எடுத்துவைக்கக் கூடாது.